பக்கத்துப் படைகள் கைகோத்தால்: கூட்டுக் காவல் பிரிவுகளை முறைமைச் சிந்தனையால் மதிப்பிடுவது எப்படி?

கேள்வி இதுதான்: அருகருகே உள்ள சில காவல் படைகள் சேர்ந்து ஒரு கூட்டுப் பிரிவை நடத்துகின்றன. கொலை விசாரணை, தடயவியல், ஆயுதப்படை, மனிதவளம் என்று அது எதுவாகவும் இருக்கலாம். மிச்சமான பணம், முடிந்த வழக்குகள் ஆகிய இரண்டைத் தவிர வேறு எதை வைத்து அந்தக் கூட்டை எடைபோடலாம்? முறைமைச் சிந்தனை (systems thinking), அதாவது பகுதிகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் அவற்றின் இணைப்புகளோடு முழுமையாகப் பார்க்கும் வழி, இதற்கு உண்மையிலேயே பயன்படுமா?

பயன்படும். ஆனால் பார்வையை வைக்க வேண்டிய இடம் மாறுகிறது. வழக்கமான தணிக்கை ஒவ்வொரு படையையும் ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியாக நிறுத்தி அளக்கும். கூட்டு என்பதோ படைகளுக்குள் இருப்பதல்ல, படைகளுக்கு நடுவே இருப்பது. ஒரு வழக்கு, ஒரு தகவல், ஒரு ரோந்து வண்டி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடத்தில்தான் கூட்டின் உயிர் இருக்கிறது. அந்த மூட்டுகளை அளக்காத மதிப்பீடு எத்தனை பக்கம் நீண்டாலும் கூட்டை மதிப்பிட்டதாகாது.

இங்கிலாந்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். இதில் நிறைய முயன்று நிறைய அடிபட்ட நாடு அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 43 பிராந்தியப் படைகள். லண்டனின் இரண்டு படைகள் நீங்கலாக ஒவ்வொன்றுக்கும் ஒரு சீஃப் கான்ஸ்டபிள். (நம்மூர் ‘தலைமைக் காவலர்’ என்று நினைத்துவிட வேண்டாம், அங்கே படையின் உச்சப் பதவியே அதுதான்.) 4,000 அதிகாரிகளோ, மொத்தம் 6,000 பணியாளர்களோ இல்லாத படைகள் கொலை, ஆள்கடத்தல், பயங்கரவாதம் போன்றவற்றைத் தனியாகச் சமாளிக்கத் திணறுகின்றன என்று 2005-இல் அரசின் ஆய்வு அமைப்பு அறிக்கை கொடுத்தது. உடனே படைகளை இணைக்கும் திட்டம் கிளம்பியது. 2006 ஜூலையில் அது கைவிடப்பட்டது. தாமாகவே இணைய முன்வந்த லங்காஷயரும் கும்ப்ரியாவும்கூட முடிக்க முடியவில்லை. இரு பகுதியிலும் மக்கள் காவலுக்காகக் கட்டும் உள்ளூர் வரி வெவ்வேறு அளவில் இருந்ததும், அதைச் சமப்படுத்தப் பணம் இல்லாததும் பெரிய காரணங்கள். இணைப்பு போன பிறகு எஞ்சியது கூட்டு. ஆகவே இன்று நாம் மதிப்பிடுவது, திருமணம் நின்றுபோன பின் நடத்தும் கூட்டுக் குடித்தனத்தை. இதை மறந்தால் பின்னால் வரும் பல சிக்கல்கள் புரியாது.

மூட்டு உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2002-இல் கேம்பிரிட்ஜ்ஷயரின் சோஹம் ஊரில் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்ட வழக்கைவிட வேதனையான சான்று இல்லை. கொலைகாரன் இயன் ஹன்ட்லி அங்கே பள்ளிப் பராமரிப்பாளனாக வேலையில் இருந்தவன். 1995 முதல் 1999 வரை ஹம்பர்சைடு படையின் எல்லையில் அவன்மீது பாலியல் குற்றச்சாட்டுகள் திரும்பத் திரும்ப வந்திருந்தன. வேலைக்கு எடுக்கும்போது கேம்பிரிட்ஜ்ஷயர் படை பின்னணியைச் சரிபார்த்தது. அவன் கொடுத்த ‘நிக்சன்’ என்ற பெயரைத் தேடினார்கள், ‘ஹன்ட்லி’ என்ற பெயரைத் தேடவில்லை. ஹம்பர்சைடிலோ, தேடியிருந்தாலும் கிடைத்திருக்காத நிலை. அங்கே இருந்த உளவுக் குறிப்பு ஏற்கெனவே அழிக்கப்பட்டிருந்தது. 2004-இல் வந்த பிச்சர்ட் விசாரணை அறிக்கை இரண்டு பக்கத்துக் கோளாறுகளையும் எடுத்துவைத்தது. கவனியுங்கள்: கேம்பிரிட்ஜ்ஷயரை மட்டும் திருத்தியிருந்தாலும் பயனில்லை, ஹம்பர்சைடை மட்டும் திருத்தியிருந்தாலும் பயனில்லை. இரண்டும் சேர்ந்த பாதை முழுவதையும் ஒன்றாகப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும். காவல் தகவலைக் கையாள்வதற்கான பொது விதிகளும், 2011-இல் பயன்பாட்டுக்கு வந்த தேசியக் காவல் தரவுத்தளமும் இந்த விசாரணையிலிருந்து பிறந்தவை.

இனி வேலைக்கு வருவோம். முதலில் செய்ய வேண்டியது, “இந்தக் கூட்டு எதற்காக?” என்ற கேள்விக்கு ஒவ்வொரு தரப்பிடமும் தனித்தனியாக எழுத்தில் பதில் வாங்குவது. முறைமை அறிஞர் பீட்டர் செக்லண்ட் வகுத்த மென்முறைமை வழியில் (soft systems methodology) இதற்கு ஒரு வாக்கிய வார்ப்பு உண்டு: ‘இன்னாருக்காக, இன்னதை, இன்ன வழியில் செய்து, இன்ன நிலைக்கு மாற்றும் முறைமை.’ அதோடு ஆறு கேள்விகள்: பயனோ பாதிப்போ அடைவது யார், செய்வது யார், எது எதுவாக மாறுகிறது, எந்த நம்பிக்கையின் பேரில், நிறுத்தும் அதிகாரம் யாரிடம், மாற்ற முடியாத வெளிச்சூழல் எது. ஒரு கூட்டுக் கொலை விசாரணைப் பிரிவை எடுங்கள். ஒரு படையின் தலைவர் “ஒரே வாரத்தில் மூன்று கொலை நடந்தாலும் ஆள் இருக்க வேண்டும்” என்று எழுதுவார். நிதி அலுவலர் “ஐந்து இடத்தில் இருந்த மேலதிகாரிப் பதவிகளை ஒன்றாக்கிச் செலவைக் குறைப்பது” என்பார். மூத்த துப்பறிவாளர் “அனுபவமுள்ளவர்களை ஒரே கூரையின் கீழ் வைத்து விசாரணையின் தரத்தை உயர்த்துவது” என்பார். மூன்றும் நியாயம்தான். ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் நிறைவேறாது: மூன்று கொலைக்கு ஆள் வைத்திருந்தால் கொலை நடக்காத வாரத்தில் ஆட்கள் சும்மா இருப்பதாக நிதிக் கணக்கு சொல்லும். மதிப்பீட்டாளர் இந்த முரணை முதல் மாதத்திலேயே மேசைமேல் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் காவல் கூட்டுகளைப் பற்றி 2020-இல் வந்த ஆய்வறிக்கை சொன்ன முதல் குறையே, பல கூட்டுகளுக்கு நோக்கம் தெளிவாக இல்லை என்பதுதான். செலவையும் பலனையும் சரியாகக் கணக்கிடாதது, முடிவெடுக்கும் முறை சிக்கலாக இருப்பது, கூட்டை நடத்தும் திறன் உள்ளவர்களை அமர்த்தாதது ஆகியவை மற்ற குறைகள்.

இரண்டாவது வேலைதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம்: வழக்குகளின் பின்னால் நடந்து போவது. முடிந்த வழக்குகளிலிருந்து 30 முதல் 40 வரை எடுங்கள். எளிதானவை, கடினமானவை, எல்லை தாண்டியவை, தாண்டாதவை என எல்லா வகையும் கலந்திருக்க வேண்டும். ‘சிறந்தவை’ என்று பிரிவே பொறுக்கிக் கொடுப்பதை வாங்காதீர்கள். பதிவு எண் வரிசையில் இத்தனைக்கு ஒன்று என்று நீங்களே எடுங்கள். ஒவ்வொன்றிலும் கைமாறிய ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு விஷயங்களைக் குறிக்க வேண்டும்: கொடுத்தவர் முடித்த நேரம், வாங்கியவர் கையில் எடுத்த நேரம், கூடவே வந்த தகவல் போதுமானதாக இருந்ததா, இல்லையென்றால் அதைக் கேட்டு வாங்க என்ன செய்தார்கள்.

ஓர் உதாரணம், விளக்கத்துக்காக நானே அமைத்தது. அ என்ற படையின் எல்லையில் வீட்டை உடைத்துத் திருடியவர்கள் காரையும் எடுத்துப் போகிறார்கள். கார் ஆ என்ற படையின் எல்லையில் கிடைக்கிறது. ஆ படைக் காவலர் தன் படையின் குற்ற எண்ணைப் போட்டு, ஸ்டியரிங்கில் எடுத்த மாதிரியைக் கூட்டுத் தடயவியல் பிரிவுக்கு அனுப்புகிறார். அங்கே வரவேற்பு மேசையில் அந்த எண்ணோடு எந்தத் திருட்டு வழக்கும் பொருந்தவில்லை. மின்னஞ்சல் போகிறது. காவலர் வார விடுப்பில். நான்கு நாள் கழித்துப் பதில். பொருள் ‘ஏற்கப்படுகிறது’. மூன்று வேலை நாளில் ஆய்வு முடிகிறது. முடிவு, அனுப்பிய காவலருக்கே போகிறது. திருட்டை விசாரிக்கும் அ படை அதிகாரிக்குப் போகவில்லை. அவர் ஒன்பதாவது நாள் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். தடயவியல் பிரிவின் மாத அறிக்கையில் இந்த வழக்கு பச்சை நிறம், ‘மூன்று வேலை நாளுக்குள் முடித்தது’. ஏனென்றால் அவர்களுடைய கடிகாரம் பொருளை ஏற்ற பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. ஆ படையும் பச்சை, ‘கண்டெடுத்த அன்றே அனுப்பியது’. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் திருடனைப் பிடிக்கக் கிடைத்த முதல் வாரம் போய்விட்டது.

ஆகவே கடிகாரம் எங்கே தொடங்குகிறது என்று ஒவ்வோர் இலக்கிலும் கேளுங்கள். மூட்டில் கழியும் நேரம் பெரும்பாலும் யாருடைய கடிகாரத்திலும் இருக்காது. மொத்தமாகக் கழிந்த நாட்களையும், உண்மையில் கைவேலை நடந்த மணிநேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். காத்திருப்புதான் முக்கால்வாசியைத் தின்கிறது என்றால், ஆள் கூட்டினால் தீராது. அந்த உதாரணத்தில் தேவைப்பட்டது ஒரு படிவத்தில் இரண்டு படைகளின் குற்ற எண்ணுக்கும் கட்டம், முடிவு இருவருக்கும் போகும் ஏற்பாடு, அவ்வளவுதான்.

மூன்றாவது, கூட்டு மையத்துக்கு வரும் கோரிக்கைகளைப் பிரிப்பது. பொதுச் சேவைகளுக்காக மேலாண்மை ஆலோசகர் ஜான் செடன் முன்வைத்த பாகுபாடு இங்கே கச்சிதமாகப் பொருந்தும்: மதிப்புள்ள கோரிக்கை ஒன்று, முதல் முறை சரியாகச் செய்யாததால் வரும் கோரிக்கை இன்னொன்று. கட்டுப்பாட்டு அறைக்கோ மனிதவள மையத்துக்கோ வரும் அழைப்புகளில் 300 முதல் 500 வரை, அழைத்தவரின் சொந்த வார்த்தையிலேயே எழுதி எடுங்கள். “என் வழக்கு என்ன ஆச்சு?”, “போன வாரம் அனுப்பின படிவம் வந்து சேர்ந்ததா?”, “யார்கிட்ட பேசணும்?” என்று வருபவை எல்லாம் இரண்டாம் வகை. பதிவாளர்களிடம் வகை பிரிக்கச் சொல்லாமல், வார்த்தையை மட்டும் பதியச் சொல்லிப் பிறகு இருவர் தனித்தனியே பிரித்து ஒப்பிடுவது நல்லது. இல்லாவிட்டால் எல்லாம் ‘பொது விசாரணை’ என்ற பெட்டிக்குள் விழுந்துவிடும். மையப்படுத்திய பிறகு அழைப்புகள் கூடியதை ‘மக்களுக்குச் சேவை பிடித்திருக்கிறது’ என்று படிக்கும் அறிக்கைகள் உண்டு. பிரித்துப் பார்த்தால் கூடியது முழுக்க இரண்டாம் வகையாக இருக்கும்.

நான்காவது, சுழல்களை வரைவது. ஒரு செயலின் விளைவு சுற்றி வந்து அதே செயலை மேலும் தூண்டுவதைத்தான் சுழல் என்கிறேன். இதில்தான் கூட்டுகள் ஏன் நல்ல மனிதர்கள் இருந்தும் உடைகின்றன என்பது தெரியும். ஆயுதப்படை, நெடுஞ்சாலை ரோந்து, மோப்ப நாய் ஆகியவற்றைப் பொதுவில் வைக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். அவை ஆபத்து அதிகமான பெருநகரத்துக்கு இழுக்கப்படுவது இயல்பு. கிராமப்புற மாவட்டத்து மக்கள் “எங்கள் வரியில் பக்கத்து ஊருக்குக் காவலா?” என்று கேட்கிறார்கள். 2012 நவம்பரிலிருந்து லண்டனுக்கு வெளியே உள்ள படைகளுக்கு மக்கள் தேர்ந்தெடுத்த காவல் ஆணையர் இருக்கிறார்; சில இடங்களில் அந்தப் பொறுப்பு பின்னர் மேயரிடம் போனது. அவர் அந்த மக்களின் வாக்கில்தான் நிற்க வேண்டும். எனவே “எங்கள் எல்லைக்குள் இத்தனை வண்டி எப்போதும் நிற்க வேண்டும்” என்று உத்தரவாதம் கேட்கிறார். உத்தரவாதம் கொடுத்ததும் பொதுத் தொகுப்பு சுருங்குகிறது. சுருங்கியதால் நெருக்கடி நேரத்தில் தொலைவிலிருந்து வண்டி வருகிறது. அதனால் அதிருப்தி, மேலும் உத்தரவாதம். ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் பகுதியில் டெர்பிஷயர் நீங்கலாக லெஸ்டர்ஷயர், லிங்கன்ஷயர், நார்தாம்ப்டன்ஷயர், நாட்டிங்கம்ஷயர் நான்கும் இப்படிப்பட்ட ஒரு கூட்டுப் பிரிவை நடத்திச் சில ஆண்டுகளிலேயே கலைத்துவிட்டன. அதே பகுதியில் டெர்பிஷயரும் சேர்ந்த ஐந்து படைகளின் கடுங்குற்றப் பிரிவு நீடித்தது. காரணங்கள் பல இருக்கலாம். ஒரு வேறுபாட்டை நான் முக்கியமாக நினைக்கிறேன்: கொலை விசாரணைக் குழு எங்கே நிற்கிறது என்று தெருவில் போகிறவர் பார்ப்பதில்லை, ரோந்து வண்டியைப் பார்க்கிறார். கண்ணில் படும் சேவைக்கு உள்ளூர்ச் சுழல் வலுவாக இருக்கும்.

செலவுப் பங்கீட்டுச் சுழல் இன்னொன்று. 2012 அக்டோபரில் வெஸ்ட் யார்க்‌ஷயர் படையின் பொறுப்பில் தேசியக் காவல் வான்சேவை தொடங்கியது. ஹெலிகாப்டர் வைத்திருப்பதில் பெரும்பகுதி நிலையான செலவு. பறந்தாலும் பறக்காவிட்டாலும் விமானியும் பராமரிப்பும் தளமும் உண்டு. அந்தச் செலவைப் பயன்பாட்டின்படி பிரித்தால், ஒரு படை பயன்பாட்டைக் குறைக்கும்போது மொத்தச் செலவு குறையாது, மற்றவர்களின் பங்குதான் ஏறும். அவர்களும் குறைப்பார்கள். ஒவ்வொருவரும் தன் கணக்கில் சிக்கனமாக இருக்க, எல்லோருக்கும் சேவை மெலியும். இந்த வான்சேவைக்கு அவசரமாகச் சீர்திருத்தம் வேண்டும் என்று 2017-இல் ஆய்வு அமைப்பு சொன்னது. எந்தக் கூட்டை எடுத்தாலும் பங்கீட்டுச் சூத்திரத்தை முதலில் வாங்கிப் படித்து, “ஒருவர் தன் நலனைப் பார்த்துக்கொண்டால் மற்றவருக்கு என்ன ஆகும்?” என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். பாதி நோய் அங்கேயே தெரியும்.

சுழல் வரைபடத்தில் ஓர் எச்சரிக்கை. அம்புக்குறிகள் 15-ஐத் தாண்டினால் அதை யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு படத்துக்கு ஒரு சுழல், அதில் தாமதம் எங்கே என்ற குறி, ஒவ்வோர் அம்புக்கும் ஒரு சான்று. சான்று இல்லாத அம்பைப் புள்ளிக்கோடாக விடுங்கள்.

ஐந்தாவது, முடிவெடுக்கும் உடற்கூறு. மேலாண்மை அறிஞர் ஸ்டாஃபர்ட் பியரின் நிலைபெறு முறைமை மாதிரியில் (viable system model) ஓர் அமைப்பு நிலைத்து நிற்க ஐந்து வேலைகள் உண்டு: அன்றாடப் பணி, பணிகள் ஒன்றோடொன்று முட்டாமல் ஒத்திசைத்தல், வளங்களை ஒதுக்கி உள்ளே கட்டுப்படுத்தல், வெளியையும் வருங்காலத்தையும் பார்த்தல், ‘நாம் யார்’ என்ற கொள்கையைத் தீர்மானித்தல். ஒவ்வொன்றுக்கும் எதிரே “இதை இன்று யார் செய்கிறார்? எந்தக் கூட்டத்தில்?” என்று பெயர் எழுதுங்கள். காவல் கூட்டுகளில் பெரும்பாலும் வெற்றாக நிற்பது இரண்டாவது. அன்றாட ஒத்திசைவு என்பது பணி முறை அட்டவணை, வானொலிக் குறியீடு, குற்றப் பதிவு மென்பொருள், மிகைநேர விதி போன்ற சிறு விஷயங்கள். கூட்டுப் பிரிவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் இருவருக்கு வெவ்வேறு படையின் வேலை விதிகள் இருந்தால், ஞாயிறு இரவு யாரைக் கூப்பிடுவது மலிவு என்ற கணக்கு விசாரணைக்குள் நுழைந்துவிடும். ஐந்தாவது வேலையில் எதிர்மாறான சிக்கல்: ஆள் அதிகம். ஐந்து படை என்றால் ஐந்து தலைவர்கள், ஐந்து ஆணையர்கள், மொத்தம் பத்துப் பேர். ஒருவர் மறுத்தாலும் பெரிய முடிவு நகராது. ஒரு முடிவு மேலே போய்த் திரும்பி வர எத்தனை வாரம் ஆனது என்று கடந்த பத்து முடிவுகளுக்குக் கணக்கெடுங்கள். கூட்டக் குறிப்புகளிலேயே அது கிடைக்கும்.

எண்களுக்கு வந்தால், ‘கூட்டுக்கு முன், கூட்டுக்குப் பின்’ என்ற இரண்டு புள்ளி ஒப்பீட்டை நம்ப வேண்டாம். குற்ற எண்ணிக்கை தானாகவே ஏறி இறங்கும். குறைந்தது 24 மாதத் தரவை வரிசையாகக் கோட்டில் போடுங்கள். அடுத்தடுத்த மாதங்களின் வித்தியாசங்களுக்கு (கூடியதா குறைந்ததா என்ற குறியை விட்டுவிட்டு) சராசரி எடுத்து அதை 2.66-ஆல் பெருக்கி, மொத்தச் சராசரியோடு கூட்டியும் கழித்தும் வரும் இரு எல்லைகளை வரையுங்கள். எல்லைக்குள் ஆடுவது இயல்பான ஆட்டம். அதற்குக் காரணம் தேடக் கூடாது. எல்லையைத் தாண்டிய புள்ளியோ, சராசரியின் ஒரே பக்கத்தில் தொடர்ந்து எட்டுப் புள்ளிகளோ வந்தால்தான் ஏதோ மாறியிருக்கிறது. கூட்டு தொடங்கிய முதல் ஆறு முதல் ஒன்பது மாதம் எண்கள் சரிவது சகஜம். ஆட்கள் இடம் மாறுகிறார்கள், மென்பொருள் புதிது. அந்தக் காலத்தை வைத்துத் தோல்வி என்று எழுதுவதும் தவறு. தொடக்கத்தில் ஊற்றிய கூடுதல் பணத்தால் வந்த பொலிவை வெற்றி என்று எழுதுவதும் தவறு. பணக் கணக்கில் ஒன்றே ஒன்றைச் சேருங்கள்: ஒரு படையின் மிச்சம் இன்னொரு படையின் செலவாக மாறியிருக்கிறதா? மனிதவள மையத்தில் பத்து எழுத்தர் பணியிடம் குறைந்து, அந்த வேலையை நூறு சார்ஜென்ட்கள் தினம் இருபது நிமிடம் செய்கிறார்கள் என்றால் தினமும் 33 மணி நேரம் போகிறது. சம்பளம் கூடிய 33 மணி நேரம், அதுவும் தெருவிலிருந்து எடுத்தது.

மதிப்பீட்டாளர் எங்கே உட்காருகிறார் என்பதும் முக்கியம். கூட்டை முன்னின்று நடத்தும் படையின் தலைமையகத்தில் மேசை போட்டால், மற்ற படைகளின் காவலர்கள் வாய் திறக்க மாட்டார்கள். ஒவ்வொரு படையிலும் குறைந்தது ஒரு முழு இரவுப் பணி உட்கார்ந்து பார்க்க வேண்டும். எல்லா மூட்டுகளின் பலவீனமும் அதிகாலை மூன்று மணிக்கு, மேலதிகாரி தூங்கும்போதுதான் வெளிப்படும்.

கடைசியாக, பலரும் விட்டுவிடும் ஒன்று: பிரியும் வழி. வார்விக்‌ஷயரும் வெஸ்ட் மெர்சியாவும் ஏறத்தாழ எல்லாச் சேவைகளையும் ஒன்றாக்கிய ஆழமான கூட்டணியில் இருந்தன. செலவில் பெரும்பங்கு பெரிய படையான வெஸ்ட் மெர்சியாவினுடையது. 2018 அக்டோபரில் அது 12 மாத முன்னறிவிப்பு கொடுத்தது. சிறிய படையான வார்விக்‌ஷயர் தன் கணினி முதல் தடயவியல் வரை மறுபடி கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. ஓராண்டு போதாமல் சில சேவைகள் இடைக்கால ஏற்பாட்டில் நீண்டன. ஆகவே ஒவ்வொரு கூட்டுச் சேவைக்கும் எதிரே மூன்று விவரங்கள் எழுதுங்கள்: இதைத் தனியே மறுபடி நிறுவ எத்தனை மாதம், அந்தத் திறன் உள்ளவர்கள் எந்தப் படையின் சம்பளப் பட்டியலில், தரவு யாருடைய சர்வரில். நிறுவ 24 மாதம், முன்னறிவிப்பு 12 மாதம் என்று வந்தால், சிறிய படை எல்லாப் பேச்சுவார்த்தையிலும் கை தாழ்ந்தே உட்காரும். முன்னறிவிப்பு விதியை நீட்டுவதற்கு நல்ல நேரம், இரு தரப்பும் இன்னும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் முதல் வருடம்தான்.